ஹிண்டன்பர்கின் சவப்பெட்டி அலைந்த கதை

எம்டன் என்றால் நமக்கு ஒரு கப்பல் மட்டுமல்ல. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. யாருக்கும் அடங்காதவனை, பார்த்தாலே நடுங்க வைப்பவனை இன்றும் "பெரிய எம்டன்" என்கிறோம். அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவுகளின் அருகே அழிக்கப்பட்டது. ஆனால் ஜெர்மானியர்கள் பெயரை விடவில்லை. முதல் உலகப் போர் முடிந்த பிறகு கட்டிய புதிய கப்பல் ஒன்றுக்கும் எம்டன் என்றே வைத்தார்கள்.

அந்தப் புதிய எம்டன் 1945 ஜனவரி கடைசியில் கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்தில் பழுது பார்ப்பதற்காக நின்றிருந்தது. கிழக்கிலிருந்து சோவியத் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. உறைபனியில், கைவண்டியிலும் குதிரை வண்டியிலும் மூட்டை முடிச்சோடு லட்சக்கணக்கான மக்கள் ஜெர்மனியின் கிழக்கு மாகாணமான கிழக்குப் பிரஷ்யாவை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம். கப்பலில் ஒரு ஆள் நிற்கும் இடம் கிடைத்தால் ஒரு உயிர் பிழைக்கும் என்ற நிலை. அந்த நேரத்தில் எம்டனில் இரண்டு சவப்பெட்டிகளை ஏற்றினார்கள். ஒன்றில் இருந்தவர் முதல் உலகப் போரில் ஜெர்மன் படையை நடத்தி, பிறகு நாட்டின் குடியரசுத் தலைவராகவும் இருந்த பீல்டு மார்ஷல் பால் ஃபான் ஹிண்டன்பர்க். இறந்து பத்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்றொன்றில் அவருடைய மனைவி கெர்ட்ரூட்.

உயிரோடிருப்பவர்கள் கரையில் தவித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிணத்தைக் காப்பாற்ற இவ்வளவு அவசரம் ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் அந்த மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். ஹிண்டன்பர்க் என்றதும் பலருக்கு 1937-இல் அமெரிக்காவில் தீப்பிடித்து எரிந்த ஆகாயக் கப்பல்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் இவருடையது. அவர் இறந்த பிறகும் அவர் பெயர் எங்கெல்லாம் ஒட்டப்பட்டது என்பதற்கு அது ஒரு சின்ன அடையாளம்.

1847 அக்டோபர் 2-ஆம் தேதி போசன் நகரில் பிறந்தவர் அவர். இன்று அது போலந்தின் போஸ்னான். நிலமும் பட்டாளமும் தவிர வேறு எதையும் பெரிதாக மதிக்காத பிரஷ்யப் பிரபு வம்சம். பதினொரு வயதில் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். 1866-இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான கோனிக்கிரேட்ஸ் போரில் பதினெட்டு வயது இளம் அதிகாரியாக பீரங்கிகளைக் கைப்பற்றப் பாய்ந்தபோது ஒரு குண்டு அவருடைய தலைக்கவசத்தைத் துளைத்து, மண்டையை உரசிக்கொண்டு போனது. ஒரு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் ஜெர்மனியின் சரித்திரம் எப்படிப் போயிருக்குமோ. ஓட்டை விழுந்த அந்தத் தலைக்கவசத்தை அவர் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

1870-71 பிரெஞ்சுப் போரிலும் சண்டையிட்டார். 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டபோது தன் படைப்பிரிவின் பிரதிநிதியாக அந்த மண்டபத்தில் நின்றார். அப்புறம் ராணுவக் கல்லூரி, தலைமைத் தளபதியகம், ஓல்டன்பர்கில் ஒரு ரெஜிமென்ட், மாக்டபர்கில் ஒரு கோர் (பெரும் படைப்பிரிவு) என்று ஒவ்வொரு படியாக ஏறினார். நல்ல அதிகாரி, ஒழுங்கானவர், பதற்றப்படாதவர். 1911-இல் ஓய்வு பெற்று ஹனோவரில் குடியேறினார். வயது அறுபத்து மூன்று. கதை அத்தோடு முடிந்திருந்தால் அவர் பெயர் ஏதோ ஒரு ரெஜிமென்ட் பதிவேட்டில்தான் இருந்திருக்கும்.

1914 ஆகஸ்ட் அதை மாற்றியது. ஜெர்மனியின் பெரும்படை பிரான்ஸ் பக்கம் போயிருந்தது. கிழக்கில் ஒரே ஒரு படை, எட்டாவது படை. அதன் எதிரே இரண்டு ரஷ்யப் படைகள். எட்டாவது படையின் தளபதி பிரிட்விட்ஸ் பயந்துபோய் விஸ்துலா நதிக்குப் பின்னால் பின்வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அவரைத் தூக்கிவிட்டு, லூடன்டார்ஃப் என்ற கூர்மையான, முரட்டு அதிகாரியை அனுப்ப முடிவானது. ஆனால் தளபதி என்ற பெயருக்கு மேலே ஒரு மூத்தவர் வேண்டும். லூடன்டார்ஃபின் படபடப்பைத் தாங்கக்கூடிய, அசையாத ஒருவர். ஹனோவருக்குத் தந்தி போனது. "தயார்" என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 23 விடியற்காலை நான்கு மணி வாக்கில் ஹனோவர் ரயில் நிலையத்தில் ஒரு கிழவர் தனியாகக் காத்திருந்தார். படையில் எல்லோரும் புதிய சாம்பல் நிறச் சீருடைக்கு மாறிவிட்டார்கள்; அவரிடம் அது இல்லை. பழைய நீலச் சீருடையையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். சிறப்பு ரயில் வந்து நின்றது. லூடன்டார்ஃப் இறங்கி வணக்கம் வைத்தார். அதற்கு முன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அடுத்த நான்கு ஆண்டுகள் ஒரு பேரரசையே கையில் வைத்திருக்கப்போகிற இரட்டையர் சந்தித்த இடம் அந்த நடைமேடை.

அங்கிருந்து ஏழு நாளில் டானன்பெர்க் வெற்றி. சாம்சனோவின் ரஷ்யப் படை சுற்றி வளைக்கப்பட்டது. ஏறத்தாழ 92,000 பேர் சிறைப்பட்டார்கள். சாம்சனோவ் காட்டுக்குள் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டார். இந்த வெற்றி எப்படி வந்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த அத்தனைக்கும் இதுதான் வேர். ரஷ்யர்கள் தங்கள் கட்டளைகளைச் சங்கேதம் இல்லாமல் வானொலியில் அனுப்பினார்கள். ஜெர்மானியர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கேட்டார்கள். இரண்டு ரஷ்யப் படைகளும் மசூரிய ஏரிகளால் பிரிந்து கிடந்தன. ஒன்று தாக்கப்பட்டபோது மற்றொன்று உதவிக்கு வரவில்லை. படைகளை ரயிலில் தெற்கே திருப்பும் வேலையை மாக்ஸ் ஹாஃப்மன் என்ற செயல்திட்ட அதிகாரி ஹிண்டன்பர்க் வந்து சேர்வதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தார். பிற்காலத்தில் அந்த இடத்தைப் பார்க்க வருபவர்களிடம் ஹாஃப்மன் சொல்வாராம்: போருக்கு முன் பீல்டு மார்ஷல் தூங்கிய இடம் இது, போருக்குப் பின் தூங்கிய இடம் இது, போர் நடந்தபோது தூங்கிய இடமும் இதுதான்.

அது ஹாஃப்மனின் ஆற்றாமை. அதில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. சண்டையின் நடுவில் லூடன்டார்ஃப் நிலைகுலைந்தபோது அசையாமல் நின்றவர் கிழவர்தான் என்பதும் பதிவாகியிருக்கிறது. போர்க்களத்தில் அப்படி அசையாமல் இருப்பதும் ஒரு திறமைதான். ஆனால் மக்கள் கண்ட ஹிண்டன்பர்க், ரஷ்யக் கரடியைத் தனியாளாகக் கொன்ற மாவீரர்.

வெற்றிக்குப் பெயர் வைத்த விதத்தைக் கவனியுங்கள். சண்டை நடந்தது ஹோஹென்ஸ்டைன் ஊரைச் சுற்றி, பல மைல் அகலத்தில். டானன்பெர்க் பக்கத்தில் இருந்த ஒரு சிறு கிராமம். ஆனால் 1410-இல் அந்த வட்டாரத்தில்தான் டியூட்டானிக் மாவீரர் சங்கம் என்ற ஜெர்மன் துறவி வீரர்களின் படையை போலந்து, லிதுவேனியப் படைகள் சேர்ந்து நொறுக்கின. ஐந்நூறு ஆண்டுப் பழைய அந்த அவமானத்துக்குப் பழி தீர்த்ததாகக் காட்ட வேண்டும். அதனால் டானன்பெர்க். இந்தத் துறவி வீரர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இவர்கள் திரும்ப வருவார்கள்.

ஹிண்டன்பர்க் மனிதராக இருந்ததிலிருந்து சின்னமாக மாறியதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 1915 செப்டம்பர் மாத பெர்லினுக்குப் போக வேண்டும். நகரின் நடுவே வெற்றித் தூணுக்கு அருகில் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு அவருக்கு ஒரு மரச்சிலை வைத்தார்கள். சுற்றிலும் சாரம் கட்டி ஏறிப்போகப் படி. காசு கொடுத்து ஆணி வாங்கி, ஏறிப்போய், சுத்தியலால் அவர் உடம்பில் அடிக்கலாம். இரும்பு ஆணி ஒரு மார்க், வெள்ளி ஆணி ஐந்து மார்க், தங்க ஆணி நூறு மார்க். போர் நிவாரண நிதிக்காம். அப்பாவை, அண்ணனைப் போர்முனைக்கு அனுப்பிய குடும்பங்கள் வரிசையில் நின்று அந்த மர மனிதரின் மேல் ஆணி அடித்தன. போர் தோற்ற பிறகு அந்தச் சிலையைப் பிரித்துப் போட்டார்கள்; கடைசியில் அது விறகாகத்தான் போனது.

1916 ஆகஸ்டில் அவர் முழு ராணுவத்துக்கும் தலைவரானார். லூடன்டார்ஃப் கூடவே. பேரரசர் வில்ஹெல்ம் பெயருக்குத்தான். நாடு இவர்கள் இருவர் கையில். பெல்ஜியத்திலிருந்து சுமார் 60,000 பேரைக் கட்டாய வேலைக்காக ஜெர்மனிக்குப் பிடித்துக்கொண்டு வந்தது இவர்கள் வற்புறுத்தலால். 1917-இல் வரம்பில்லாத நீர்மூழ்கித் தாக்குதலுக்கு இவர்கள் கொடுத்த அழுத்தம் அமெரிக்காவைப் போருக்குள் இழுத்து வந்தது. 1918 வசந்தத்தில் கையில் இருந்த கடைசிக் காசையும் வைத்து ஆடுவதுபோல் மேற்கில் ஒரு பெருந்தாக்குதல். அது தோற்றது. செப்டம்பர் 29 அன்று ஹிண்டன்பர்கும் லூடன்டார்ஃபும் பேரரசரிடம் போய், உடனே போர்நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்று சொன்னார்கள்.

போர்நிறுத்தம் கேட்கச் சொன்னவர்கள் தளபதிகள். கேட்டுக் கையெழுத்துப் போட்ட பாவம் மட்டும் சிவிலியன் அரசியல்வாதிகள் தலையில் விழுந்தது. ஓராண்டு கழித்து, 1919 நவம்பர் 18 அன்று, நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் ஹிண்டன்பர்க் சாட்சி சொல்ல வந்தார். எழுதிக் கொண்டுவந்த அறிக்கையைப் படித்தார். ஜெர்மன் படை களத்தில் தோற்கவில்லை, அது முதுகில் குத்தப்பட்டது என்றார். ஒரு ஆங்கிலேயத் தளபதியே அப்படிச் சொன்னதாகவும் சொன்னார்.

அவர் வாழ்க்கையில் மன்னிக்க முடியாத இடம் எது என்று கேட்டால் ஹிட்லரைப் பிரதமராக்கிய 1933-ஐ நான் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். 1933-இல் அவருக்கு எண்பத்தைந்து வயது. சுற்றி மகன், பழைய நண்பர்கள், சூழ்ச்சிக்காரர்கள். 1919-இல் தெளிவாக இருந்தார். முந்தைய ஆண்டு செப்டம்பரில் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே பொய்க்குத் தன் பெயரைக் கொடுத்தார். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் சோஷலிஸ்டுகளையும் யூதர்களையும் துரோகிகள் என்று பேசி வளர்ந்தது நாஜிக் கட்சி. வேறு யார் சொல்லியிருந்தாலும் அது தெருப்பேச்சாகப் போயிருக்கும். டானன்பெர்க் வீரர் சொன்னதால் அது வரலாறாகிவிட்டது.

1925-இல் வலதுசாரிகள் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இழுத்து வந்தார்கள். முதல் சுற்றில் அவர் பெயரே இல்லை. இரண்டாவது சுற்றில் நிறுத்தி, சுமார் ஒன்பது லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். குடியரசில் நம்பிக்கையே இல்லாத ஒருவர் குடியரசின் தலைவர். ஆனாலும் அரசியல் சட்டத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டதால் சில ஆண்டுகள் அதன் எழுத்துப்படியே நடந்தார். 1927-இல் எண்பதாவது பிறந்தநாளுக்குத் தொழிலதிபர்களும் நிலக்கிழார்களும் சேர்ந்து அவருடைய குடும்பத்தின் பழைய பண்ணையான நாய்டெக்கை வாங்கிப் பரிசளித்தார்கள். வாரிசு வரி விழாமல் இருக்க மகன் ஆஸ்கர் பெயரில் பத்திரம் எழுதினார்கள்.

1932 தேர்தலில் இன்னொரு திருப்பம். எதிரே ஹிட்லர். அவரைத் தடுக்க வேறு ஆளில்லாமல் சோஷல் டெமாக்ரட்டுகளும் கத்தோலிக்கக் கட்சியும் இந்த எண்பத்து நான்கு வயதுக் கிழவருக்கு வாக்குக் கேட்டார்கள். யாரையெல்லாம் முதுகில் குத்தியவர்கள் என்று இவர் பேச்சு காட்டிக்கொடுத்ததோ, அவர்களே ஊர் ஊராகப் போய் அவரை ஜெயிக்க வைத்தார்கள். 53 சதவீதம். ஒன்பது மாதம் கழித்து, 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். பிப்ரவரி 28-இல் நாடாளுமன்றத் தீவிபத்து அவசரச் சட்டம்: பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் ஒரே கையெழுத்தில் போயின. அந்தக் கையெழுத்து அவருடையது.

அந்த ஆண்டு மார்ச் 21 அன்று போட்ஸ்டாம் நகரத்துக் காவற்படைத் தேவாலயத்தில் ஒரு விழா. ஹிண்டன்பர்க் பீல்டு மார்ஷல் சீருடையில், மார்பு நிறையப் பதக்கங்கள். எதிரே கறுப்பு கோட்டில் ஹிட்லர், தலை குனிந்து கை கொடுக்கிறார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. பழைய பிரஷ்யா புதிய ஆட்சிக்கு ஆசி வழங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தேவாலயத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடெரிக் வில்லியமும் அவர் மகன் மகா ஃபிரெடெரிக்கும் அங்கேதான் நிலவறையில் கிடந்தார்கள். ஹிண்டன்பர்க் அந்த நிலவறைக்கு இறங்கிப்போய் இரண்டு மன்னர்களுக்கும் மலர்வளையம் வைத்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர்களோடு ஒரே அறையில் தானும் கிடப்போம் என்று அன்று அவருக்குத் தெரிய வழியில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1933 ஏப்ரலில், போரில் சண்டையிட்ட யூத வீரர்களை அரசு வேலையிலிருந்து துரத்தக் கூடாது என்று ஹிட்லருக்குக் கடிதம் எழுதினார். அதனால் சட்டத்தில் ஒரு விலக்கு வந்தது. அவர் இறந்த மறு ஆண்டே அந்த விலக்கும் போனது. தன் படைவீரனுக்காக மட்டும் அவருக்கு வலித்தது. மற்ற யூதர்கள் அதே சட்டத்தால் தெருவில் நின்றபோது அந்தப் பேனா எழவில்லை. 1934 ஜூன் 30-இல் முன்னாள் பிரதமர் ஷ்லைஷரையும் அவர் மனைவியையும் ஹிட்லரின் ஆட்கள் வீட்டிலேயே சுட்டுக்கொன்ற பிறகுகூட, ஹிட்லருக்கு நன்றி சொல்லி ஹிண்டன்பர்க் பெயரில் ஒரு தந்தி வெளியானது.

1934 ஆகஸ்ட் 2 காலை நாய்டெக்கில் அவர் இறந்தார். எண்பத்தாறு வயது. அவர் கண் மூடுவதற்கு முந்தைய நாளே, குடியரசுத் தலைவர் பதவியைப் பிரதமர் பதவியோடு இணைக்கும் சட்டத்தை ஹிட்லரின் அமைச்சரவை தயார் செய்துவிட்டது. அன்றே ராணுவம் முழுக்க ஹிட்லரின் பெயர் சொல்லிச் சத்தியம் எடுத்தது.

இனி உடல். குடும்பத்தாரோடு எளிமையாக அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். அதை யார் கேட்டார்கள்? ஹோஹென்ஸ்டைன் அருகே டானன்பெர்க் நினைவுக் கோட்டை 1927-இலேயே எழுந்து நின்றது. எண்கோண வடிவம், எட்டுக் கோபுரங்கள், செங்கல் மதில். ஆகஸ்ட் 7 அன்று உடலை அங்கே கொண்டுபோனார்கள். இறந்த தளபதியே, இனி வால்ஹாலாவுக்குள் செல்லுங்கள் என்று ஹிட்லர் உரையை முடித்தார். வால்ஹாலா பழைய ஜெர்மானியப் புராணத்தில் வீரர்களின் சொர்க்கம். இறந்தவரோ ஞாயிறு தவறாத புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். சாவில்கூட அவருடைய நம்பிக்கைக்கு இடம் கிடைக்கவில்லை.

1935 அக்டோபர் 2, அவருடைய பிறந்தநாளில், கோபுரம் ஒன்றின் கீழே புதிதாகக் கட்டிய கல்லறை அறைக்கு மாற்றினார்கள். மனைவியையும் பக்கத்தில் வைத்தார்கள். வாசலில் காவல் நிற்கும் பிரம்மாண்டமான இரண்டு கல் சிப்பாய்கள். பள்ளிப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாக அழைத்து வந்து காட்டினார்கள். ஆணி அடித்த மரச்சிலை இப்போது கல்லாகிவிட்டது, அவ்வளவுதான்.

பத்தாண்டு கூட அங்கே நிம்மதியில்லை. 1945 ஜனவரியில் சோவியத் படைகள் நெருங்கியதும் சவப்பெட்டிகளை எடுத்துக்கொண்டு, ஜெர்மன் ராணுவமே கோட்டையின் முக்கியப் பகுதிகளை வெடிவைத்துத் தகர்த்தது. 1914-இன் வீரர் ரஷ்யர்கள் கையில் சிக்கிவிட்டால் அந்தக் கதையே சிக்கிவிட்டதாகும். அதற்காகத்தான் எம்டன். கோனிக்ஸ்பெர்கிலிருந்து பிலாவ் துறைமுகம்வரை எம்டன், அங்கிருந்து வேறு கப்பலில் மேற்கே, பிறகு போட்ஸ்டாம். போட்ஸ்டாமில் அந்த இரண்டு மன்னர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து அவர்களையும் தேவாலயத்திலிருந்து ஏற்கெனவே கிளப்பியிருந்தார்கள். நான்கு பெட்டிகளும் துரிங்கியாவில் பெர்ன்டரோடே என்ற ஊரின் உப்புச் சுரங்கத்துக்குப் போயின.

1945 ஏப்ரல் 27. அமெரிக்க ராணுவத்தின் வெடிமருந்துப் பிரிவு வீரர்கள் அந்தச் சுரங்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஆழம். உள்ளே மலைமலையாக வெடிமருந்து. நடைபாதையின் பக்கச்சுவரில் ஓரிடத்தில் பூச்சு மட்டும் புதிதாக, ஈரம் காயாததுபோல் இருந்தது. இடித்துக்கொண்டே போனார்கள், சுவர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கனம். அதற்கப்பால் ஒரு கதவு, உள்ளே தடுப்புகள் போட்ட நீளமான அறை, உத்தரத்திலிருந்து தொங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட பழைய படைப்பிரிவுக் கொடிகள், பிரஷ்ய மன்னர்களின் முடிசூட்டுப் பொருள்கள், ஓவியங்கள், புத்தகப் பெட்டிகள். நடுவே நான்கு சவப்பெட்டிகள். ஒன்றின் மேல் ஹிட்லர் பெயர் போட்ட சிவப்பு ரிப்பனோடு மலர்வளையம். உள்ளே இருப்பது ஹிட்லரோ என்றுகூடச் சில நிமிடங்கள் வீரர்கள் திகைத்திருக்கிறார்கள். அப்புறம்தான் பெட்டிகளின் மேல் டேப் போட்டு ஒட்டியிருந்த காகிதங்களைப் பார்த்தார்கள். சிவப்புக் கிரேயானில், அவசரக் கையெழுத்தில் பெயர்கள்: ஃபிரெடெரிக் வில்லியம், ஃபிரெடெரிக், ஹிண்டன்பர்க், திருமதி ஹிண்டன்பர்க்.

வால்ஹாலா, எட்டுக் கோபுரம், கல் சிப்பாய்கள் எல்லாம் போய், கடைசியில் மிஞ்சிய கல்வெட்டு அந்தக் கிரேயான் எழுத்து. இந்தக் கதை முழுவதிலும் என்னை நிறுத்திவிடுவது அந்தக் காகிதத் துண்டுதான். யாரோ ஒரு அதிகாரி, சுவரை மூடுவதற்கு முன், பெட்டி மாறிவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதியிருக்கிறார்.

கலைச்செல்வங்களைக் காக்க அமெரிக்கா அமைத்திருந்த பிரிவைச் சேர்ந்த வாக்கர் ஹான்காக் வந்தார். அவர் தொழிலால் சிற்பி. துரிங்கியா சோவியத் பகுதிக்குள் போகப்போகிறது என்பதால் மே மாதமே எல்லாவற்றையும் மேலே ஏற்றி மேற்கே மார்பர்க் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். மகா ஃபிரெடெரிக்கின் உலோகப் பெட்டி அரை டன்னுக்கு மேல் எடை. சுரங்கத்தின் லிஃப்டில் அதை நுழைப்பதே பெரும்பாடாக இருந்தது. மார்பர்கில் முதலில் கோட்டையின் நிலவறை, பிறகு அரசு ஆவணக் காப்பகத்தின் அடித்தளம். இப்படியே ஓராண்டுக்கு மேல்.

இந்தப் பிணங்களை என்ன செய்வது என்று அமெரிக்க அதிகாரிகள் உண்மையிலேயே திணறினார்கள். இறந்தவர்களுக்குக் கண்ணியமான அடக்கம் வேண்டும். அதே சமயம் அது நாஜிகளும் பழைய தேசியவாதிகளும் கூடுகிற யாத்திரைத் தலமாகிவிடக் கூடாது. வேலைக்கு அவர்களே வைத்த ரகசியப் பெயர் "பிணத் திருட்டு நடவடிக்கை". மார்பர்கின் புனித எலிசபெத் தேவாலயத்தில் தரையைத் தோண்டினார்கள். ஊரில் யாருக்கும் விவரம் சொல்லவில்லை. 1946 ஆகஸ்டில் மன்னர்களை உள்ளே அடக்கம் செய்தார்கள். ஹிண்டன்பர்கையும் கெர்ட்ரூடையும் இரவு நேரத்தில், சத்தமில்லாமல், வடக்குக் கோபுரத்தின் கீழே உள்ள சிற்றாலயத்தில் இறக்கினார்கள். கொடி இல்லை, பீரங்கி மரியாதை இல்லை.

அது யாருடைய தேவாலயம் தெரியுமா? ஹங்கேரி நாட்டு இளவரசி எலிசபெத், கணவர் இறந்த பிறகு மார்பர்க் வந்து நோயாளிகளுக்கு மருத்துவமனை கட்டி, அவர்கள் புண்ணைத் தன் கையாலேயே கழுவி, 1231-இல் இருபத்து நான்கு வயதில் இறந்துபோனவர். அவருடைய சமாதியின் மேல் 1235-இல் அந்தத் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியவர்கள் டியூட்டானிக் மாவீரர் சங்கத்தார். 1410-இல் தோற்ற அதே சங்கம். அவர்களுக்காகப் பழி வாங்கியதாகப் பெயர் சூட்டிக்கொண்ட தளபதி அவர்கள் கட்டிய கூரையின் கீழேயே வந்து சேர்ந்திருக்கிறார். யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல இது. கையில் இருந்த இடம் அது, அவ்வளவே. எலும்புகளை இடம் மாற்றுவதும் அந்தத் தேவாலயத்துக்குப் புதிதல்ல. 1539-இல் புராட்டஸ்டண்டாக மாறிய ஹெஸ்ஸே பிரபு ஃபிலிப், எலிசபெத்தின் வழிவந்தவர், யாத்திரையை நிறுத்துவதற்காக அந்தப் பெண்மணியின் எலும்புகளையே அங்கிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

மன்னர்கள் இருவரும் அங்கே நிலைக்கவில்லை. 1952-இல் அவர்கள் வம்சத்தார் ஹோஹென்ஸோலர்ன் கோட்டைக்கு எடுத்துப்போனார்கள். ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு 1991 ஆகஸ்ட் 17 அன்று மகா ஃபிரெடெரிக் போட்ஸ்டாமின் சான்சூசி அரண்மனைக்குத் திரும்பினார். தன் வேட்டை நாய்களின் பக்கத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார்; இறந்து 205 ஆண்டு கழித்து அது நடந்தது. இன்றைக்கும் அவர் கல்லின் மேல் ஜனங்கள் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள், அந்தக் கிழங்கைப் பயிரிட வற்புறுத்தியவர் என்பதால்.

ஹிண்டன்பர்கைக் கூப்பிட யாரும் வரவில்லை. திரும்பிப் போக இடமும் இல்லை. பிறந்த போசன் போலந்தில். நாய்டெக் போலந்தில். டானன்பெர்க் கோட்டையின் மிச்சத்தைப் போலந்துக்காரர்கள் பிரித்து, கல்லையும் செங்கல்லையும் வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இருந்த ஒரு கல் சிங்கம் மட்டும் ஹோஹென்ஸ்டைனில், அதாவது இன்றைய ஒல்ஷ்டினெக் ஊரில், நிற்கிறது. 1933-இல் ஹிட்லரோடு சேர்த்து ஒரே நாளில் அவருக்குக் கொடுத்த கௌரவக் குடிமகன் பட்டத்தை பெர்லின் நகரம் 2020-இல் திரும்ப எடுத்துக்கொண்டது. ஹிட்லருடையதை 1948-லேயே எடுத்துவிட்டார்கள். இவர் விஷயத்தில் முடிவெடுக்க இன்னும் எழுபத்திரண்டு ஆண்டு பிடித்தது. அத்தனை நாளும் அந்தப் பெயருக்கு ஏதோ ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மார்பர்க் தேவாலயத்துக்கு வருபவர்கள் வாசலில் நுழைந்ததும் நேராக உள்ளே நடந்து, எலிசபெத்தின் எலும்புகள் ஒரு காலத்தில் இருந்த தங்கப் பேழையைத் தேடித்தான் போகிறார்கள். நுழையும்போதே பக்கவாட்டில் வடக்குக் கோபுரத்தின் அடிப்பகுதி இருக்கிறது. அங்கே விளக்கு போடுவதில்லை. கண் இருட்டுக்குப் பழகிய பிறகு தரையில் இரண்டு பெயர்கள் தெரியும், அவருடையதும் கெர்ட்ரூடுடையதும்.